பாத்தி 12 & 13: நான் போட்ட ஓட்டை

போன மாதம், எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் போன் செய்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மழை அறிவிப்பு அனுப்ப ஒரு புரோகிராம் தேவைப்பட்டதாம். ஏஐயிடம் கேட்டாராம். அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டதாம்.

“முதல் தடவையே வேலை செஞ்சிடுச்சு சார்!” என்றார்.

அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஏழாவது வரியில் என்னுடைய பழைய தப்பு, சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! என் அளவுக்கு முட்டாள்தனம் செய்ய உலகத்தில் இன்னொன்று பிறந்துவிட்டதே என்று. அவரைக் கூப்பிட்டு, அந்த வரியை ஏன் தூக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். கால் மணி நேரம் கேட்டவர், “சார், இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க, எல்லாரும் படிக்கட்டும்” என்றார். பாவம், நான் பேசுவதை நிறுத்த அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தேன். அதில் பாதி நாள், செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் மரியாதையாக நுழைவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். பிறகு மரக்காணத்தில், உப்பு உற்பத்தியாளர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனி ஒன்றில் லாரி ரசீது டைப் அடிக்கும் வேலை. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தத் தகுதியிலேயே படிப்படியாக சிஸ்டம்ஸ் ஆபீசர் ஆகிவிட்டேன். நடுவில் புத்தகம் பார்த்தும், புத்தகம் பார்க்காமலும், புரோகிராம் எழுதப் பழகினேன். பார்க்காமல் எழுதியதுதான் அதிகம்.

அப்படி எழுதியதில் என் பெருமை, மோட்டாரை ஓட்டும் வெப் பக்கம்.

எங்கள் அளத்தில் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துப் பாத்திகளுக்கு விடுவார்கள். முன்பெல்லாம் யாருக்குத் தண்ணீர் வேண்டுமோ அவர்கள் மோட்டார் கொட்டகைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நான் ஒரு வெப் பக்கம் செய்தேன். பாத்தி எண் என்று ஒரு கட்டம், எத்தனை நிமிடம் என்று ஒரு கட்டம், கீழே பச்சையாக ஒரு பொத்தான். அமுக்கினால், அந்தப் பாத்தியின் வால்வு திறந்து, மோட்டார் ஓடி, நேரம் முடிந்ததும் தானே நிற்கும். இரண்டு வருடம் மேஸ்திரி மட்டும் அதை அலுவலகத்தில் உட்கார்ந்து பயன்படுத்தினார். ஒரு குறையும் இல்லை. எனக்குத் தலை கனத்துவிட்டது. “இதை எல்லாருடைய போனுக்கும் திறந்து விடலாம், அவங்கவங்களே போட்டுக்கட்டும்” என்று யோசனை சொன்னேன். மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் போனார். அந்த வாரமே திறந்து விட்டேன்.

மூன்றாம் நாள் காலை, பன்னிரண்டாம் பாத்தியின் வரப்பு உடைந்தது.

முப்பது நிமிடம் ஓட வேண்டிய மோட்டார் மூன்று மணி நேரம் ஓடியிருந்தது. கிணற்றில் இருந்த, உப்பு கூடிய கெட்டித் தண்ணீர் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துபோய், அதற்கப்புறம் ஊறிய நீர்த்த தண்ணீர் ஏறியிருக்கிறது. வாரி எடுக்க இரண்டு நாள் மட்டுமே பாக்கி இருந்த உப்பு கரைந்து, வரப்பை உடைத்துக்கொண்டு, பக்கத்தில் வேறு நான்கு பேருடைய பாத்தி உப்பையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளை வெளேரென்று இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை.

பன்னிரண்டும் பதின்மூன்றும் கஸ்தூரியின் பாத்திகள். அவரும் அவர் வீட்டுக்காரருமாக ஏழு வருடமாகச் செய்கிறார்கள். அன்று வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். கஸ்தூரி போனில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் இருக்கிறதே என்று ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே வரிசை நீளம்.

கம்பெனித் தலைவருக்கு அது போதுமானதாக இருந்தது. “மோட்டாரைப் போட்டுட்டு ரேஷன் கடைக்குப் போயிருக்குது! நேரம் போடவே இல்ல. வெள்ளிக்கிழமை கமிட்டி. பாத்தியை வேற ஆளுக்கு மாத்திடலாம்” என்றார்.

“நான் முப்பது போட்டேங்க. மாதா மேல சத்தியமா போட்டேன்” என்றார் கஸ்தூரி.

தலைவர் என்னைப் பார்த்தார். “ஏம்பா பலராமா, மிஷின் என்னா சொல்லுது?”

நான் சர்வரில் பதிவைப் பார்த்தேன். கஸ்தூரியின் போன் எண், பாத்தி 12, நிமிடம்: இல்லை. “நேரம் போடலைன்னுதான் இருக்குதுங்க. மிஷின் பொய் சொல்லாது” என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கை வெளியே நீட்டி, அதனிடம் தனியாகப் பேச வேண்டும் போல இருக்கிறது. அந்தப் பதிவை எழுதியது யார்? என் புரோகிராம். அதற்கு நான் சாட்சி. குற்றவாளியின் சாட்சியை வைத்து, குற்றவாளியே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று மதியமே ரிப்போர்ட் எழுதி எஸ்தர் மேடத்திடம் கொண்டுபோனேன். மேடம்தான் மேனேஜர். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்று அவரே சொல்வார். அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய பேர். எந்த ரிப்போர்ட்டையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்பார்: “இதை நீங்க பார்த்தீங்களா, நினைச்சீங்களா?” நினைத்தது என்றால் பென்சில் கோடு விழும். குரல் உயராது. கோடும் வளையாது.

மேடம் முதல் வரியைப் படித்தார்: “பணியாளர் நேரம் குறிப்பிடத் தவறினார்.”

“பார்த்தீங்களா?”

“பதிவுல இருக்குது மேடம்.”

“அவங்க போடுறத பார்த்தீங்களா?”

“இல்லீங்க.” கோடு.

“அலட்சியம் காரணமாக.” கோடு. “தொழில்நுட்பக் குறைபாடு எதுவும் இல்லை.” இதற்கு மேடம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டு கோடு போட்டார். ஒன்றரைப் பக்க ரிப்போர்ட்டில் கடைசியில் மிஞ்சியது இரண்டே வார்த்தை: மோட்டார் ஓடியது.

“இதுக்கு ஆபீசர் எதுக்குங்க பலராமன்? காது இருந்தாலே தெரிஞ்சிருக்குமே. போய் அவங்கள மறுபடி போடச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு பாருங்க. இன்னிக்குக் காலைல எப்படியோ அப்படியே.”

மறுநாள் காலை, கூனிமேட்டிலிருந்து வரும் எங்கள் எலக்ட்ரீஷியன் இஸ்மாயில் பாயைக் கூட்டிக்கொண்டு பாத்திக்குப் போனேன். பாய் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டினார். மோட்டார் ஓட வேண்டிய நேரத்தில் பல்பு எரியும், தண்ணீர் வராது. நான் லேப்டாப்பை வரப்பில் வைத்துக்கொண்டு குந்தினேன். சர்வரில் என்ன நடக்கிறது என்பது முழுவதும் என் திரையில் ஓடும்படி வைத்தேன். முதல் நாள் நான் பார்த்தது என் புரோகிராம் எழுதும் பதிவை மட்டும். சர்வர் தானாக எழுதும் பிழைப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அதை நான் இரண்டு வருடமாகத் திறந்ததே இல்லை. பெருமைக்காரனுக்குப் பிழைப் பதிவு எதற்கு?

“போடுங்கம்மா.”

கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. பாத்தி ஓரத்தில் நட்டிருந்த தகரப் பலகையைப் பார்த்தார். எங்கள் அளத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பாத்தி ஜோடி. ஒன்றில் வாரும்போது மற்றதில் தண்ணீர் நிற்கும். பலகை எழுதிய பெயின்டர் கடை போர்டு எழுதிப் பழகியவர்; ஜோடி என்றாலே நடுவில் ஒரு சுழித்த & போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எல்லாப் பலகையிலும் அப்படித்தான். “12 & 13”. கஸ்தூரி அதைப் பார்த்து அப்படியே கட்டத்தில் அடித்தார். நிமிடம் 30. பச்சைப் பொத்தான்.

பல்பு எரிந்தது. என் திரையில், ஒருபோதும் நான் எட்டிப் பார்க்காத அந்தப் பிழைப் பதிவில், ஒரு வரி வந்து விழுந்தது: “13 என்றொரு கட்டளை இங்கே இல்லை.”

பதிமூன்றா? கட்டளையா? யார் பதிமூன்றைக் கட்டளை என்று சொன்னது?

அடுத்த நொடி “ஐயோ!” என்று துள்ளி எழுந்தேன். லேப்டாப் பாத்திக்குள் போகப் பார்த்தது, பாய் பிடித்தார்.

“என்னா சார், தேள் கொட்டிடுச்சா?”

“நான்தான் பாய் கொட்டியிருக்கேன்!”

நடந்தது இதுதான். சர்வரில் ஷெல் என்று ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்த கட்டளையை வரி வரியாகப் படித்து நிறைவேற்றும். அதற்கு நான் எழுதியிருந்த வரி: மோட்டாரைப் போடு, பிறகு பாத்தி எண், பிறகு நிமிடம். பாத்தி எண் இருக்க வேண்டிய இடத்தில், யார் எதை அடித்தாலும் அப்படியே ஒட்டி ஷெல்லிடம் நீட்டிவிடுவேன். ஷெல்லுக்கு & என்றால் “மேலே சொன்ன வேலையைத் தனியாக ஓட விடு, நான் அடுத்த கட்டளையைப் பார்க்கிறேன்” என்று பொருள். ஆகவே வரி இரண்டாக உடைந்தது. முதல் பாதி: மோட்டாரைப் போடு, 12. அதோடு சரி, நிமிடம் கிடையாது. இரண்டாம் பாதி: 13, 30. பதிமூன்று என்ற புரோகிராம் எங்கே என்று தேடி, இல்லை என்று முணுமுணுத்துவிட்டு, கஸ்தூரி போட்ட முப்பதையும் சேர்த்துக் குப்பையில் போட்டது. நிமிடம் சொல்லாவிட்டால் யாராவது நிறுத்தும் வரை ஓடு என்று வைத்த புண்ணியவானும் நானே. சோதனைக்காக வைத்தது, எடுக்க மறந்தது.

பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“நான் முப்பது போட்டேன்தானே சார்?” என்றார் கஸ்தூரி.

“போட்டீங்க. என் கண்ணால பார்த்தேன்.”

“அத கமிட்டில சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

“நேத்து வேற மாதிரி சொன்னீங்களே” என்றார். நான் லேப்டாப்பை வாங்கி மூடினேன். பாய் பல்பைக் கழற்றப் போனார், அவசரமாக.

சைக்கிளில் அலுவலகம் வரும் வழியெல்லாம் தலைக்குள் தீபாவளி. ஒரு & போட்டதற்கே வரி உடைகிறது என்றால், வேண்டுமென்றே ஒருவன் அந்த இடத்தில் சர்வருக்குத் தெரிந்த கட்டளை எதையாவது எழுதினால்? வந்ததும் சோதனைக்கு வைத்திருந்த பிரதியில் செய்து பார்த்தேன். பாத்தி எண், &, பிறகு “இந்த மிஷினில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது, காட்டு” என்ற கட்டளை. காட்டியது! பெயர் பெயராகக் காட்டியது. உப்புத் தண்ணீர் கேட்கும் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் என் சர்வரை அழிக்கலாம், திருடலாம், அவர்களுடைய வேலையை அதில் ஓட்டலாம். கதவே இல்லாத வீட்டுக்கு மூன்று நாளாக உலகம் பூராவும் அழைப்பு வைத்திருந்தேன். இதற்குக் கமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்று பேர் இருப்பதைப் படித்திருந்தேன். வங்கிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் வரும் பணக்கார வியாதி என்று நினைத்திருந்தேன்.

மேடத்திடம் ஓடினேன். இந்த முறை எதையும் எழுதவில்லை. பிரதியில் செய்தே காட்டினேன்.

“முதல்ல என்ன பண்ணணும்?” என்றார்.

“பக்கத்தை மூடணும்.”

“மூடிட்டு வந்து பேசுங்க.”

மூடினேன். மோட்டார் வேண்டுபவர்கள் பழையபடி கொட்டகைக்கே வந்து சொல்லட்டும் என்று தகவல் அனுப்பினேன். எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். மூன்று நாள் பதிவையும் வரி விடாமல் படித்து, வெளியாள் எவனாவது உள்ளே வந்தானா என்று தேடினேன். ஒருவனும் வரவில்லை. நிம்மதிதான். ஆனாலும் இவ்வளவு பெரிய ஓட்டையை ஒருவரும் சீண்டவில்லையே என்று ஓரமாக ஒரு சின்ன அவமானம்.

அடுத்து, சரிசெய்வது. ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு மார்தட்டிக்கொண்டு போனேன். “யார் & போட்டாலும் இனிமே பக்கம் ஏத்துக்காது மேடம்!”

மேடம் கஸ்தூரிக்குப் போன் செய்தார். “கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இவர் ஒண்ணு செஞ்சிருக்கார். உங்களால உடைக்க முடியுதான்னு பாருங்க.”

கஸ்தூரி வந்தார். கையில் வாரிய உப்பின் வெள்ளை காயவில்லை. என் கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று நின்றுகொண்டே விசைப்பலகையைப் பார்த்தார். “இந்தக் குறி கூடாதா? சரி. இவ்ளோ குறி இருக்குதே, இதெல்லாம்?”

“அது வந்து...”

அவர் காத்திருக்கவில்லை. ஒரு விரலால், இடமிருந்து வலமாக, ஒவ்வொரு குறியாகப் போட்டார். நடுவில் செங்குத்துக் கோடு, உடைந்தது. அரைப்புள்ளி, உடைந்தது. டாலர் குறியோடு அடைப்பு, அதுவும் உடைந்தது. ஒவ்வொன்றுக்கும், சோதனைக்காக மேசை மேல் மாட்டி வைத்திருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒவ்வொரு பளிச்சுக்கும் மேடம் என் பக்கம் திரும்பாமலேயே “ம்” என்றார்.

“ஒரு சந்த அடைச்சா இன்னொரு சந்துல தண்ணி போவுதுங்களே” என்றார் கஸ்தூரி.

இதைத்தான் பாதுகாப்பு பற்றிய புத்தகங்கள் முப்பது பக்கத்தில் எழுதுகின்றன. கெட்டது எது எது என்று பட்டியல் போட்டுத் தடுக்காதே. அந்தப் பட்டியல் முடியாது. நல்லது எது என்று சொல்லி, அதை மட்டும் ஏற்றுக்கொள். எனக்கு அன்று ஏறிய உற்சாகத்தில் நாற்காலி தாங்கவில்லை. இரண்டு நாள் எழுதினேன்; சாப்பிட்டது நினைவில்லை.

எங்கள் அளத்தில் இருக்கும் பாத்தி எண்களைத் தவிர வேறு எது வந்தாலும் பக்கம் வாங்காது. நிமிடம் என்றால் எண், அதுவும் ஒன்றுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில். இதற்கும் மேலே, ஷெல்லையே இடையிலிருந்து தூக்கிவிட்டேன். மோட்டார் புரோகிராமை நேராகக் கூப்பிட்டு, பாத்தி எண்ணை ஒரு கவரிலும் நிமிடத்தை இன்னொரு கவரிலும் தனித்தனியாகக் கொடுப்பது போல. கவருக்குள் யார் எந்தக் குறியைப் போட்டிருந்தாலும் அது வெறும் எழுத்து, கட்டளை ஆகாது. அந்தப் புரோகிராம் ஓடும் கணக்குக்கு மோட்டார் தவிர வேறு எதையும் தொட உரிமை இல்லை. கடைசியாக, பாயை விட்டு மோட்டார் பெட்டியிலேயே ஒரு டைமர் வைத்தேன். நாற்பத்தைந்து நிமிடமானால், சர்வர் கெஞ்சினாலும் நிற்கும். பிறகு பழைய புரோகிராம்கள் எல்லாவற்றையும் திறந்து, ஷெல்லைக் கூப்பிடும் இடங்களைத் தேடினேன். இன்னும் மூன்று இருந்தன. எல்லாம் என் கையெழுத்துதான்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. ஏழு பேர். கஸ்தூரி கதவோரம் நின்றார். காய்ச்சல் தீராத வீட்டுக்காரர் வெளியே வேப்பமர நிழலில்.

தலைவர் விடவில்லை. “என்னப்பா, போன வாரம் மிஷின் பொய் சொல்லாதுன்னே. இந்த வாரம் சொல்லுதா?”

“மிஷின் சொல்லலங்க. நான் சொன்னேன். நீங்களே போட்டுப் பாருங்க.”

பழைய புரோகிராமின் பிரதியையும் பல்பையும் மேசையில் வைத்தேன். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடித்தார். 12 & 13. நிமிடம் ஒன்று. பல்பு எரிந்தது. எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

ஒரு நிமிடம் ஆனது. எரிந்தது.

இரண்டு. எரிந்தது. தலைவர் பொத்தானை மறுபடி அமுக்கினார். “ஏய், நில்லு” என்று பல்பைப் பார்த்துச் சொன்னார்.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கமிட்டி மெம்பர், “யோவ், உன் உப்பு கரைஞ்சிடுச்சுய்யா” என்றார். அறை சிரிப்பில் அதிர்ந்தது. தலைவரும் சிரித்தார். கஸ்தூரி சிரிக்கவில்லை.

பாத்தி அவருக்கே என்று எல்லாரும் கை தூக்கினார்கள். தலைவர் தாராள மனதோடு தாளை எடுத்து எழுதி நீட்டினார். கஸ்தூரி வாங்கி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்: “இம்முறை மன்னித்து... பாத்திகள் தொடர்ந்து வழங்கப்படுகின்றன.”

தாளை மேசையில் திரும்ப வைத்தார். “எதுக்குங்க மன்னிப்பு? நான் என்னா பண்ணேன்?”

“அட, ஒரு பேச்சுக்கு எழுதுறதும்மா.”

“பாத்தி குடுக்குறது ஒரு பேச்சுக்கு இல்லல்ல? அப்ப இதுவும் சரியா இருக்கணும்.”

தலைவர் தாளை என் பக்கம் தள்ளினார். “நீயே எழுதுப்பா.”

எழுதினேன். மோட்டார் நிற்காமல் ஓடியதற்குக் காரணம் நான் எழுதிய புரோகிராம். கஸ்தூரி நேரத்தைச் சரியாகவே போட்டிருந்தார். நான் முதலில் சொன்னது தவறு. என் வாழ்நாளில் ஒரே தடவையில் பிழையில்லாமல் எழுதிய மூன்று வரி. கஸ்தூரி படித்தார். “பேரு?” என்றார். போட்டேன். மற்ற நான்கு பாத்திக்காரர்களிடமும் காட்டி வர வேண்டும் என்று ஜெராக்ஸ் கேட்டார். நானே ஓடிப்போய் நான்கு எடுத்து வந்தேன்.

“பன்னண்டுல தண்ணி விடணும், நேரமாச்சு” என்றார் வாங்கிக்கொண்டு. “கொட்டகைல சொல்லவா, உங்க புதுசுல போடவா?”

“புதுசுல போடுங்க” என்றேன்.

அங்கேயே போட்டார். பன்னிரண்டு, முப்பது நிமிடம். போட்டுவிட்டு விறுவிறுவென்று பாத்திக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். எஸ்தர் மேடம் குடையோடு வந்தார். அதைப் பார்த்துத் தலைவரும், தலைவரைப் பார்த்து ஆறு கமிட்டி மெம்பர்களும். உச்சி வெயிலில், புதிதாகக் கட்டிய வரப்பில் ஒன்பது பேர் வரிசையாக நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்தோம். இருபத்தெட்டு நிமிடம். இருபத்தொன்பது. என் சட்டை முதுகோடு ஒட்டிப் போனது.

மோட்டார் நின்றது.

கஸ்தூரி குனிந்து தண்ணீரின் மட்டத்தைக் கையால் பார்த்தார். நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“நின்னுடுச்சு. வரப்பு இன்னும் ஈரம், மிதிக்காதீங்க. எல்லாரும் கெளம்புங்க, எனக்கு வேலை இருக்குது.”

கமிட்டி கலைந்தது.